நடுத்தெரு வால்வும் பஞ்சவர்ணம் அக்காவும்

கங்கை வரைக்கும் படை நடத்திப்போய்க் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்த ராஜா எங்கள் மாவட்டத்தில்தான் ஏரி வெட்டினார். அந்தக் காலத்தில் பஞ்சவர்ணம் அக்கா இருந்திருந்தால் யானை, குதிரை எதுவும் தேவைப்பட்டிருக்காது. வால்வுக் குழியில் குனிந்து இரும்புச் சாவியை நாலு சுற்று சுற்றியிருப்பார். கங்கை தானாகப் புறப்பட்டு மீன்சுருட்டி பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றிருக்கும். காசியில் இருப்பவர்கள், "எங்க தெருவுக்கு எப்பங்க விடுவீங்க" என்று அக்காவுக்குப் போன் செய்துகொண்டிருப்பார்கள்.

எங்கள் பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் இந்த வருஷம் உடையார்பாளையத்துக்குத் தெற்கே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்ன ஊரில் நடந்தது. ஏழு நாள் முகாம். ஊர் நடுநிலைப்பள்ளியில் தங்கல். காலையில் தெருக் கூட்டுவது, மதியம் யாராவது வந்து ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்டபடி தூங்குவது. ஏழு நாளும் ஒரே தெருவைத்தான் கூட்டினோம். முதல் நாள் ஊர்க்காரர்கள் போட்ட குப்பை. மற்ற ஆறு நாளும் நாங்கள் தின்ற பிஸ்கட்டின் கவர்.

முதல் நாளே துடைப்பங்களை எல்லாம் கட்டிப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் ஏற்றிவிட்டேன். முகாமை நடத்தும் சுதர்சன் சார் என் கையில் துடைப்பம் கொடுப்பதில் அர்த்தமில்லை என்று முடிவு செய்து ஒரு நோட்டைக் கொடுத்தார். இந்த ஊருக்கு உழைக்கிற ஒருவரைப் பற்றி ஆண்டு மலருக்கு எழுது என்றார். பத்தாவதையே இரண்டு தவணையில் முடித்தவனிடம் சொல்கிற வேலையா இது? அன்று சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்காரப் போனேன். அங்கே ஒரு அம்மா, தரையில் நட்டிருந்த, வால்வு திருகுகிற நீள இரும்புச் சாவியின் தலையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அவர்தான் பஞ்சவர்ணம் அக்கா, ஊரின் டேங்க் ஆபரேட்டர். வயது நாற்பத்திரண்டு. சாவி வழியாகக் குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்தத் தெருவில் எவ்வளவு போகிறது என்று சொல்வார். நானும் காதை வைத்துப் பார்த்தேன். எனக்குக் கேட்டது என் வயிறு இரைந்தது மட்டும்தான்.

இந்த வேலைக்கு அவர் மனுப் போடவில்லை. முன்பு இருந்த ஆபரேட்டர் திருப்பூருக்குக் கிளம்பும்போது, ரெண்டு நாள் பார்த்துக்க என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாராம். இது பதினோராவது வருஷம். ஆர்டர் என்று ஒரு காகிதம் இன்று வரை வரவில்லை. சாவி கையில் இருக்கும்வரைக்கும் வேலை, அவ்வளவுதான்.

ஊரில் மூன்று தெரு. விடியற்காலையில் நடுத்தெருவுக்கும் கிழக்குத்தெருவுக்கும் சேர்த்துத் தண்ணீர். சாயங்காலம் மேலத்தெருவுக்கு. காலை வேலையை நான் பார்த்ததில்லை, அது நாங்கள் எழுவதற்கு முன்பே முடிந்துவிடும். சாயங்காலம் மட்டும் நோட்டோடு பின்னாலேயே போவேன். தண்ணீர் நின்றதும் அக்கா கைப்பம்பில் அடித்து ஏழு குடம் வீட்டுக்குச் சுமப்பார். ஊருக்கே தண்ணீர் விடுகிறவர் எதற்கு அடிபம்பில் அடிக்கிறார்? மூன்றாம் நாள் கேட்டேன். அவர் வீடு கிழக்குத்தெருவில் கடைசி. மேட்டில் இருக்கிறது. நடுத்தெரு குடித்தது போக மிச்சம் அங்கே நூலாக ஏறும், சில நாள் அதுவும் ஏறாது. நடுத்தெருவைக் கொஞ்சம் குறைத்துவிட வேண்டியதுதானே என்றேன்.

"சாவி என் கையில இருக்குல்ல தம்பி. அதனாலதான் முடியாது."

இதை நோட்டில் எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது.

மறுநாள் காலையில் ஊரே கலங்கிவிட்டது. நடுத்தெரு அரியமுத்து வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. பந்திக்கு இலை போட்டாகிவிட்டது, சமையற்காரர் பாதி சாம்பாரோடு நிற்கிறார், குழாயில் சொட்டுதான் விழுகிறது. கிழக்குத்தெருக் கடைசியிலோ பஞ்சவர்ணம் அக்கா வீட்டு வாசலில் குடம் நிரம்பி வழிந்து கோழி நனைந்துகொண்டிருக்கிறது. அரியமுத்து புது வேட்டியோடு வந்து நின்றார். குரலை உயர்த்தவே இல்லை.

"காலையில தண்ணி தாராளமா வரும்னு சொன்ன பஞ்சவர்ணம். வந்துச்சு. ஒன் வூட்டுக்கு."

அக்கா நடுத்தெருக் குழிக்கு ஓடினார். விடியற்காலையில் முழுசாகத் திறந்து, சாவியைக் குழியிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் பார்க்கப் போனவர், திரும்பி வந்து பார்த்தால் வால்வு முக்கால்வாசி மூடிக் கிடந்தது. யாரோ சுற்றியிருக்கிறார்கள் என்று சொன்னார். அவர் சொல்வதை யார் நம்புவார்கள்? லாபம் அடைந்தது அவர் வீடு. பஞ்சாயத்து கிளார்க் தமிழ்மாறன் வந்து இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு கடைசியில் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வரேன். தொட்டது யாருன்னு சொல்லுங்க. இல்லன்னா சாவியக் குடுத்துருங்கம்மா. நடுத்தெருக்காரங்கள என்னால சமாளிக்க முடியாது."

எங்கள் பையன்களாக இருக்குமோ என்று யாரோ இழுத்தார்கள். ஆறு மணிக்கு முன்னால் இவனுங்க செத்த பொணம் மாதிரி கிடப்பானுங்க என்று சுதர்சன் சார் சத்தியம் செய்தார். அவர் எங்கள் மேல் வைத்த நம்பிக்கை அந்த அளவுக்கு இருந்தது.

தொட்டது யார் என்று ஊர் கேட்டது. நானும் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டேன். அரியமுத்துவின் பங்காளிதான் பொறாமையில் செய்திருப்பான் என்றது ஒரு வீடு. ஆடு முட்டியிருக்கும் என்றது இன்னொரு வீடு. ஆடு சாவியைப் பிடித்துச் சுற்றுமா என்று கேட்டதற்கு, இந்த ஊர் ஆடு செய்யும் என்றார்கள். எல்லாவற்றையும் எழுதினேன். யாருடைய பேரும் கிடைக்கவில்லை. அக்கா குழிகளில் மண் அள்ளிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அடுத்து வருகிறவர்களுக்கு லேசாக இருக்கட்டும் என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. முகாம் சாம்பாரின் மேல் பழியைப் போட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்காவே கூப்பிட்டார். மேலத்தெருவுக்குத் திறப்பதற்கு முன்னால் நடுத்தெரு வால்வை மூட வேண்டும். தினமும் நான் போவதற்குள் அவரே மூடியிருப்பார். அன்றைக்கு மூடவில்லை. என்னை அந்தக் குழிக்குக் கூட்டிப்போய்ச் சாவியைக் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு இது எங்கிட்ட இருக்குமோ இருக்காதோ. எழுதுறவன் ஒரு தடவ சுத்திப் பாத்துட்டு எழுது. மூடு."

சாவியை இறக்கிப் பொருத்தினேன். காலை அகட்டி வைத்துக்கொண்டு சுற்றினேன். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. சுலபமாகத்தான் வந்தது. பாராட்டுவார் என்று நிமிர்ந்தேன். அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லா வால்வும் சோத்துக்கைப் பக்கம் சுத்துனாத்தான் மூடும். இது மட்டும் பழைய வால்வு, பீச்சாங்கைப் பக்கம். தெரியாம நானே மொத ரெண்டு நாளு மாத்தி இழுத்து மல்லுக்கட்டியிருக்கேன். புதுசா தொடுற யாரும் மாத்தித்தான் இழுப்பாங்க." என் கையைக் காட்டினார். "நீ ஏந்தம்பி இழுக்கல?"

என்னிடம் எப்போதும் மூன்று பொய்யாவது தயாராக இருக்கும். அன்று மூன்றையும் விட்டுவிட்டேன்.

"கடைசி வூட்டுக்கும் ஒரு நாளு ஏறட்டும்னுதான் அக்கா..."

"ஏறுச்சு. பதினோரு வருசமா நான் எம் வூட்டுக்குத் திருப்பல. நீ ஒரே காலையில திருப்பிட்ட."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மேலத்தெருப் பக்கம் நடக்க ஆரம்பித்தவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் நாலு சுத்து பாக்கி இருக்கு, மூடிட்டு வா. நாளைக்குப் பத்து மணிக்குக் கிளார்க்கு வராரு. அவருகிட்ட என்ன சொல்லப்போறன்னு யோசிச்சுக்கிட்டே சுத்து."