பலகையில் விழுந்த கோடு

பிள்ளைகளே, உங்கள் அம்மாவின் தையல் மிஷின் பலகையைக் கரையான் தின்றுவிட்டது. கல்யாணப்பெண் ஒருத்தியின் பட்டு ஜாக்கெட் வெட்டி வைத்தபடி கிடந்தது. மிஷினை உட்கார வைக்கப் பலகை இல்லை. திண்டிவனம் மர மில்லில் அந்த அகலத்துக்கு ஒரே ஒரு தேக்குப் பலகை இருந்தது. அதைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு நம் ஊர் கெடாருக்கு வந்தேன்.

அளவுக்கு அறுத்தாகிவிட்டது. மேல்பக்கம் மட்டும் சொரசொரப்பு. நான் தச்சன் இல்லை, ஆனாலும் வீட்டில் மரம் சீவும் இழைப்புளி ஒன்று உண்டு. அதன் பிளேடு முனை நேராக இருக்கக் கூடாது. வெட்டிய நகம் போல நடுப்பகுதி துளி முன்னால் வந்து, இரண்டு ஓரமும் பின்வாங்க வேண்டும். இல்லையென்றால் ஓரம் மரத்தைக் கீறிக் கோடு போட்டுவிடும். அந்தக் கோட்டில் பட்டு நூல் மாட்டினால் போச்சு. ஊரார் துணி.

இழைத்தேன். வலப்பக்கம் கோடு. சாணைக்கல்லில் வலது ஓரத்தை அமுக்கித் தீட்டி இழைத்தேன். மறுபடியும் கோடு. இன்னும் அமுக்கினேன். அப்போதும் கோடு. துண்டு மரத்தில் சோதித்திருக்கலாம். அதெல்லாம் வெந்நீர் அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது.

“இன்னாங்க, பலகை செய்யறீங்களா, அப்பளம் இடறீங்களா?” என்றாள் உங்கள் அம்மா. “பொண்ணு வூட்ல போன் மேல போன் பண்றாங்க.”

திண்டிவனத்தில் தச்சு வேலை செய்யும் உங்கள் மாமனுக்குப் போன் போட்டேன்.

“சைட்ல மாட்டிக்கினு இருக்கேன் மாமா. பிளேடு முனையில பேனா மை தடவித் தீட்டுங்க. எங்க மை போவலையோ அங்க கல்லு படல.”

தீட்டிப் பார்த்தால் வலது ஓரத்தில் மை அப்படியே இருந்தது. கல்லின் மேல் ஸ்கேலை வைத்தேன். வலப்பக்கம் பள்ளம். தெருவில் இருக்கிற அரிவாள், மீன் கத்தி எல்லாம் அந்தக் கல்லில்தான் தீட்டுவார்கள். யாரையும் வேண்டாம் என்று நான் சொன்னதில்லை.

சிமெண்டுத் தரையில் மணலும் தண்ணீரும் போட்டு, கல்லைத் தேய்த்துச் சமமாக்கினேன். தோள் கழன்று போயிற்று. இனிமேல் சரி என்று தீட்டி, இழைத்தேன்.

இடப்பக்கம் கோடு.

கல் சமமாகிவிட்டது. என் கைதான் பள்ளத்துக்குப் பழகி, வலது ஓரத்தையே அமுக்கி அமுக்கித் தேய்த்திருந்தது. இடது ஓரம் இப்போது துருத்திக்கொண்டு நின்றது. இன்னொரு முறை தீட்டலாம் என்று பிளேடைக் கழற்றினேன். உங்கள் அம்மா, மிஷின் கீலுக்கான திருகாணியை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்துக் காட்டினாள். நுனி மயிரிழை அளவு உள்ளே நின்றது. இன்னும் ஒரு சீவல் எடுத்தால் பலகை மெலிந்து, பூட்டும்போது நுனி மேலே குத்திக்கொண்டு வந்துவிடும்.

இழைப்புளியைக் கீழே வைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் கோடு கொஞ்சம் மழுங்கியது, போகவில்லை. மிஷினைப் பூட்டினோம்.

அவள் தைக்கத் தொடங்கினாள். துணி அந்தக் கோட்டுக்கு வரும்போதெல்லாம் இடது உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தூக்கி, அந்தப் பக்கம் இறக்கிவிட்டாள். கால் நிற்கும், கை தூக்கும், மறுபடி கால் மிதிக்கும். எனக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை.

“நான் துணியைப் பிடிச்சிக்கவா?” என்றேன்.

“தள்ளி நில்லுங்க. நெழல் விழுது” என்றாள்.