தண்ணீர் குடிக்காத டெடிகேஷன்

இன்று ஆம்பூரிலிருந்து வேலூர் வரும் பஸ்ஸில் என் பழைய மேனேஜரைப் பார்த்தேன். எண்பதுகளில் ஒரு தோல் ஃபேக்டரியின் லேபுக்கு நான்தான் இன்சார்ஜ். எனக்குக் கீழே இருந்த எல்லோரும் ஆண்கள். எனக்கு மேலே இவர்.

பக்கத்தில் அவருடைய பேத்தி. சென்னையில் ஏதோ கம்பெனியில் டீம் லீடராம்.

சார் என்னைக் காட்டி அவளிடம் ஆரம்பித்தார்.

"இந்தம்மாதான் எங்க லேப் டீமையே நடத்துனாங்க. லேடின்னு நாங்க வித்தியாசமே பாக்கல. காலையில உள்ள வந்தா சாயந்திரம் வரைக்கும் வெளிய போவ மாட்டாங்க. ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாங்க. இன்னா டெடிகேஷன்! நீயும் அப்படி இருக்கணும்."

வித்தியாசம் பார்க்கவில்லைதான். அந்தக் கட்டடத்தில் பெண்களுக்கென்று ஒரு கக்கூஸ்கூடக் கிடையாது. கேட்டபோதெல்லாம், "ஒரு லேடிக்காக எப்படிம்மா கட்றது?" என்றவர் இதே சார்.

ஒருமுறை ஜெர்மனியிலிருந்து தோல் வாங்க ஒரு லேடி பையர் வருகிறார் என்று அவசர அவசரமாக ஒன்று கட்டினார்கள். அவர் போனதும் பூட்டிவிட்டார்கள். சாவி சாரின் மேஜை டிராயரில் இருந்தது.

நான் பேத்தியிடம் கேட்டேன். "உங்க ஆபீஸ்ல லேடீஸ் பாத்ரூம் இருக்குதாம்மா?"

"இருக்கு ஆன்ட்டி. ஏன்?"

"அப்ப உனக்கு அவ்ளோ டெடிகேஷன் வராதும்மா."

அவள் முகம் மாறிவிட்டது. சார் மட்டும் பெருமையாகத் தலையாட்டினார். "கேட்டுக்கோ!"

என்னைப்போல் டெடிகேஷனால் கிட்னியில் கல் வாங்கியவர்கள் இங்கே வேறு யாரெல்லாம் இருக்கிறீர்கள்?