கங்கைச் சொம்பைத் தள்ளிவிட்ட சிஸ்டர்

மார்வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்த மறுநாள் காலை, காப்பி ஆற்றிக்கொண்டிருந்த என் மனைவி கமலாவிடம், "சர்க்கரை போட்டியோ?" என்று கேட்டேன். பதிலைக் கேட்க நான் இல்லை. என் இதயம் நின்றுவிட்டது. மற்றதெல்லாம் கமலா சொல்லித் தெரிந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்த மேரி சிஸ்டர் பாய்ந்து வந்து, இரண்டு கையாலும் என் மார்பை அழுத்தத் தொடங்கினாராம். பார்க்கிறவர்களுக்கு அடிப்பதுபோலத்தான் இருக்கும்.

லோதி ரோடு குவார்ட்டர்ஸிலிருந்து என் மச்சினன் சேது வந்திருந்தான். மகா பக்திமான். எதற்கும் இருக்கட்டும் என்று, ஹரித்வாரில் வாங்கிய கங்கைச் சொம்பை ஆபீஸ் பையில் கொண்டுவந்திருந்தான். நான் சாய்ந்ததும் அதன் மூடியை உடைத்துத் திறந்துவிட்டான். அத்திம்பேர் வாயில் கடைசியாகக் கங்கை விழாமல் போகலாமா!

"பானி மத் டாலோ! ஹடோ!" தண்ணீர் ஊற்றாதே, தள்ளிப் போ என்று கத்திய சிஸ்டர், தோளாலேயே அவனை இடித்துத் தள்ளினார். சொம்பு உருண்டது. அழுத்தும் கை மட்டும் நிற்கவில்லை. அப்புறம்தான் டாக்டர்கள் டீஃபிப்ரிலேட்டரோடு (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) வந்தார்கள்.

நான் கண் விழித்ததும் சேது கையைப் பிசைந்தான். "நல்லதுக்குத்தான் அத்திம்பேர்..."

"மோட்சம் வாசல்வரை வந்ததுடா. சிஸ்டர் விடலையே!" என்றேன். சிரித்தால் விலா வலித்தது. அழுத்தியதில் ஓர் எலும்பு விரிசல் விட்டிருந்தது.

டாக்டர் ஹிந்தியில் ஒளிக்காமல் சொன்னார்: "வார்டில் இதயம் நின்றவர்களில் திரும்பாதவர்கள்தான் அதிகம். திரும்பியவர்களும் எல்லாரும் வீடு போவதில்லை. அந்தத் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கியிருந்தால் நீங்களும் போயிருப்பீர்கள்." இதைப் படிக்கிறவர்களே, நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், கங்கையே ஆனாலும்.

வீட்டுக்குக் கிளம்பும் நாள் எதிர்க் கட்டில்காரருக்கு இதயம் நின்றது. அதே சிஸ்டர், அதே கைகள். வியர்த்து வழிய அழுத்தினார். அந்த மனிதர் திரும்பவில்லை. போர்வையை முகம்வரை இழுத்துவிட்டு, கை கழுவிவிட்டு, நேரே என்னிடம் வந்து நாடி பிடித்தார். எப்பேர்ப்பட்ட மனுஷி!

"நான் நல்லா இருக்கேன் சிஸ்டர்."

"இருக்கணும் சார்," என்றார். விரலை எடுக்கவில்லை.

இப்போது கோல் மார்க்கெட்டில் பஸ் கிளம்பிப் போனால் பின்னால் ஓடுவதில்லை. நிற்கிறேன். மார்பு அடிப்பது தெரிகிறது. அடுத்த பஸ் வரும்வரை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.