கேரட்டின் வாயில் ஒரு யூனிகார்ன்

கேரட் எங்கள் தெரு நாய். நிறம் அப்படி. மலைமேல் இருக்கும் அட்டுவம்பட்டியில் எங்கள் தெருவுக்கே அது பொதுச்சொத்து. பிஸ்கட் சப்ளை மட்டும் என் மகள் தாமரை. இரண்டாம் வகுப்பு, முதுகில் எப்போதும் யூனிகார்ன் என்ற ஒற்றைக் கொம்புக் குதிரை படம் போட்ட பை.

போன சனிக்கிழமை காலை கேரட்டால் வாயை மூட முடியவில்லை. எச்சில் ஒழுகுகிறது. தலையை உதறுகிறது, முன்னங்காலால் வாயைப் பிறாண்டுகிறது. தண்ணீர் வைத்தால் கிட்டே வந்துவிட்டுப் பின்வாங்குகிறது...

எதிர்வீட்டு சலீம் பாய்க்கு பஜாரில் மளிகைக் கடை. கடைக்குக் கிளம்பியவர் கேட்டைச் சாத்திக்கொண்டு சத்தம் போட்டார். "ஏம்மா, பிள்ளைய வெரசா உள்ள கூட்டிப் போங்க! நாய் வெறி பிடிச்சுக் கெடக்கு!"

அவ்வளவுதான். தெருவே கூடிவிட்டது. இரண்டு பேர் கையில் விறகுக்கட்டை. முந்தின நாள் வரை கேரட்டுக்குச் சோறு போட்டவர்கள்!

அப்போதுதான் தாமரை மெதுவாகச் சொன்னாள். "அம்மா, வெள்ளனே பிஸ்கட் போட்டேன்ல... அது திங்கல. என் கைய நக்குச்சு."

அந்தக் கையில் சைக்கிளிலிருந்து விழுந்த சிராய்ப்பு. இன்னும் ஆறவில்லை.

எனக்கு உயிரே போய்விட்டது. குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினேன், கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன். கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நாய்க்கு என்ன என்று தெரிய வேண்டுமே? நான் கால்நடை டாக்டருக்கு போன் போட்டேன்.

"கட்டையக் கீழ போடச் சொல்லுங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் கிட்டப் போகாதீங்க" என்றார் டாக்டரம்மா.

கிளவுஸ், வலை, மயக்க ஊசியோடு வந்து இறங்கினார். கேரட் சாய்ந்ததும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்தார். கறுப்பாக ஒரு காய்ந்த காய். நுனியில் இரண்டு வளைந்த கொம்புகள். மேலண்ணத்தைக் கவ்விக்கொண்டிருந்தது அதுதான்!

"புலிநகம்ங்க. கீழ்நாட்டுச் செடியாச்சே, மலைக்கு எப்படி வந்துச்சு?"

எப்படி வரும்? கீழே ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில், பாய் வீட்டுப் பசுவுக்கு வந்த வைக்கோலில்தான். கேரட் படுப்பது அந்த வைக்கோலில். பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"இதோட வகையறாவுக்கு இங்கிலீஷ்ல யூனிகார்ன் செடின்னே பேரு" என்றார் டாக்டர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு செல்போனில் தேடினேன். கடலில் யூனிகார்ன் மீன் இருக்கிறதாம், நெற்றியில் கொம்போடு. யூனிகார்ன் வண்டும் இருக்கிறது. அந்த ஒற்றைக் கொம்புக் குதிரையை மட்டும் இதுவரை ஒருத்தரும் பார்த்ததில்லை! இல்லாத ஒன்றின் பெயரை இருப்பதன் தலையில் கட்டுவதில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை. எங்கள் தெருவும் அன்று காலை அதைத்தானே செய்தது?

எதற்கும் இருக்கட்டும் என்று தாமரைக்கு ஊசி போட்டுவிட்டார்கள். கேரட்டையும் கொஞ்ச நாள் கட்டிப்போட்டுக் கவனிக்கச் சொன்னார் டாக்டர். கட்டியது பாயின் மாட்டுக்கொட்டகையில். சாயங்காலம் அது கண் விழித்ததும் முதல் பன்னைப் போட்டவரும் பாய்தான்.

தாமரை எங்கள் கேட்டில் நின்றபடி கேட்டாள். "மாமா, வெறி நாய்ன்னு சொன்னீங்க?"

பாய் அசரவில்லை. "அது வேற நாயிம்மா!"

அந்த நாயைத்தான் எங்கள் தெருவில் இன்னும் யாரும் பார்க்கவில்லை.