லேசான நட்சத்திரம்

நட்சத்திரங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் மாமா மேல்தான். அம்மாவின் தம்பி, பெரிய படிப்பு. கொத்தாக நெருங்கிக் கிடக்கும் நட்சத்திரங்கள் போகப்போக என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. அதை எதற்கு ஓட்ட வேண்டும், தானாகப் போகாதா என்பார் அப்பா. ஆனாலும் படிப்பு விஷயத்தில் அவர் கேட்பது மாமா பேச்சை மட்டும்தான்.

நான் ஐந்தாவது முடித்த லீவில் மாமா கோவில்பதாகையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என்னை ஆறாவதில் சேர்க்கச் சொல்லி அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று அவர் பின்னாலேயே சுற்றினேன். வாய்விட்டுக் கேட்க வெட்கம்.

ஒரு சாயங்காலம் தெருப் பிள்ளைகளைக் காலி மனையில் நிறுத்தி, "நீங்கதான் நட்சத்திரம், நான் கம்ப்யூட்டர்" என்றார். என் அண்ணன்கள் இருவரும் கைகோத்து நடுவில் சுற்ற வேண்டும். அவர்கள் ஜோடி நட்சத்திரம். மற்றவர்கள் அவர்களை நோக்கி ஓட வேண்டும். நன்றாக ஆடினால் மாமாவுக்குப் பிடிக்குமென்று நான்தான் முதலில் ஓடினேன். அண்ணன்கள் சுற்றிய வேகத்தில் ஒரே வீசு. வேலியோரம் போய் விழுந்தேன், முட்டி கிழிந்தது.

"இன்னா, காத்தாடி மாரி பறக்குது" என்றான் சின்ன அண்ணன்.

"கரீட்டுதான்டா. கம்ப்யூட்டர்லயும் இப்டிதான் வருது" என்றார் மாமா.

"நான் இன்னா மாமா தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல பாப்பா. மூணு கிட்ட வந்தா, அதுல லேசானது வெளிய பூடும். அது பூட்டாதான் மீதி ரெண்டும் இன்னும் நெருங்கி நிக்கும்."

எழுந்து மறுபடி ஓடினேன். மறுபடி வீசினார்கள்.

அன்று சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "பசங்க ரெண்டு பேரும் படிச்சா போதும். இது ஊட்லயே இருக்கட்டும்."

நான் மாமா முகத்தையே பார்த்தேன். அவர் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. நட்சத்திரத்துக்கு வாய் கிடையாது, ஏதோ விதிப்படி போகிறது. மாமாவுக்கு வாய் இருந்ததே. அண்ணன்கள் எதில் கனம்? பெரியவன் எட்டாவதிலேயே இரண்டு தடவை உட்கார்ந்தவன்.

அப்போது இதெல்லாம் தோன்றவில்லை. லேசாக இருப்பதால்தானே தள்ளுகிறார்கள் என்று தட்டை நீட்டி இன்னும் சோறு கேட்டேன். அம்மா அதிசயமாகப் பார்த்தாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கனமாகிவிட வேண்டுமென்று, லீவு முடியும்வரை அண்ணன்களைவிட ஒரு கரண்டி கூடவே தின்றேன்.