சுகுபா மலையில் பூட்டிய பைகள்

முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நான் ஒடென்சே நகரில் முதியோர் இல்ல வேலைக்குத் திரும்பிவிட்டேன். பனிக்காலம் முழுவதும் எங்கள் அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்கிப் பழகினேன். வசந்தத்தில் யப்பானுக்குப் போய்ச் சுகுபா மலையில் ஏறவேண்டும் என்பது என் ஆசை. கணவரும் அவருடைய அக்காவான மச்சாளும் கூட வந்தார்கள்.

மச்சாளுக்கு வீடு கோல்டிங் நகரில். எந்த விழாவுக்குப் போனாலும் "அவவுக்குக் கால் ஏலாது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, என்னை ஒரு கதிரையில் இருத்திவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

மலையடிவாரக் கோயிலைக் கும்பிட்டதும் அங்கேயும் அதையே செய்தாள்.

"நீர் இதில இருந்து பையளைப் பாரும். நானும் தம்பியும் ஏறிப்போட்டு வாறம்."

"எனக்கு ஏலும் மச்சாள். அதுக்குத்தானே வந்தனான்."

"நடுவழியில விழுந்தா ஆர் தூக்கிறது?"

கணவரைப் பார்த்தேன். "அக்கா சொல்லுறதும் சரிதானே" என்றார்.

அவர்கள் போனபின் திரும்பவும் கோயிலுக்குப் போனேன். என்ன தெய்வமென்று தெரியாது. அவளுக்கு மூச்சு முட்டவேண்டும் என்று கைகூப்பிக் கேட்டேன். பிறகு பேருந்துத் தரிப்பிடத்தில், காசு போட்டுப் பூட்டும் பெட்டிக்குள் பைகளை வைத்துப் பூட்டினேன். அவர்களுடைய மழை அங்கிகளும் உள்ளே போயின. என் அங்கியையும் மூவருக்கும் வாங்கிய சோற்று உருண்டைகளையும் எடுத்துக்கொண்டு, அவர்கள் போகாத மற்றப் பாதையால் ஏறினேன்.

பாதை முழுக்கப் பாறை. கால் நொந்தது, ஆனால் மடங்கவில்லை. பாதிவழியில் மழை பிடித்துக்கொண்டது. அவள் நனைவாள் என்று நினைக்க நினைக்க எனக்கு வேகம் கூடியது. உச்சிக்குக் கிட்ட ஊதாப் பூக்கள் மழையில் தலை கவிழ்ந்து நின்றன. சின்னக் கோயிலின் கூரையடியில் இருந்தபடி மூன்று பேரின் சாப்பாட்டையும் ஆறுதலாகச் சாப்பிட்டேன். இறங்கும்போது மட்டும் கேபிள் காரில் வந்தேன்.

இருவரும் தரிப்பிடத்தில் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். மச்சாளுக்கு மூச்சு வாங்கியதால் பாதியிலேயே திரும்பிவிட்டார்களாம்.

"எங்க போனனீர்? பை எங்க? சாப்பாடு எங்க?"

"மேல போனனான். பை பத்திரமா இருக்கு. சாப்பாடு முடிஞ்சுது."

நான் பெட்டியை மெதுவாகத் திறந்தேன்.

நான் அவளை மழையில் விட்டதைக் கோல்டிங் முழுக்கச் சொல்லித் திரிகிறாளாம். சொல்லட்டும். அதைச் சொல்லும்போதெல்லாம், நான் உச்சிவரை ஏறினதையும் அவள் வாயாலேயே சொல்லவேண்டியிருக்கிறது.