மல்லிகைச் சாக்கில் மாமனாரின் புகையிலை

கீரமங்கலம் பேருந்து நிறுத்தத்தில் பையைத் திறந்ததும் எனக்கு வியர்க்கிறது. வீட்டிலேயே சுருட்டு சுற்றிப் பிடிக்கும் மாமனாருக்கு வாங்கிய புகையிலை, பஸ் ஜன்னல் காற்றில் அப்பளமாகக் காய்ந்திருக்கிறது. தொட்டால் நொறுங்குகிறது. அவர் சுருட்டுக்கு இலை கேட்டார். நான் மூக்குப்பொடி கொண்டுபோகப் போகிறேன். பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலைச் சாய்க்கிறேன்.

"ஐயய்ய, ஊத்தாதீங்கண்ணே! எலை பூஞ்சை பிடிச்சிரும்" என்று பக்கத்தில் பூக்கட்டும் பெண் பாட்டிலைப் பிடுங்குகிறாள். மல்லிகையை மூடியிருந்த ஈரச் சாக்கில் இலையைச் சுற்றி வைக்கிறாள். "இந்த ஈரத்துலயே பதத்துக்கு வந்துரும்."

மாமனார் சுருட்டுக்கு வாங்கியது என்று அவளிடம் புலம்பியபடி நிமிடத்துக்கு ஒருமுறை சாக்கைத் தூக்கிப் பார்க்கிறேன்.

"இங்கிட்டு வந்து உக்காருங்க. பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரியே நிக்கிறீங்க. தொறந்து தொறந்து பாத்தா ஈரமெல்லாம் ஓடிப்போயிரும்."

இரண்டு பஸ்களை விட்டபிறகு ஓர் இலையை எடுத்து விரலில் சுற்றுகிறேன். துணிபோல மடிகிறது, கீறலே இல்லை. முத்தமிடாத குறையாக முகர்ந்தால், கமகமவென்று மல்லிகை.

"மாமனாரு வாயில மல்லியப்பூ வாசம் வந்தா, மாமியா சும்மா விடுமாண்ணே?"

மறுபடியும் வியர்க்கிறது. மாமியாருக்கு மூன்று முழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.